பிங்க் சால்ட்னா இந்துப்பு இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே ஹாம், அதாவது உப்புத் தண்ணியில ஊறவச்சுப் பதப்படுத்தின பன்றித் தொடைக்கறி, செய்யறது எப்படின்னு ஒரு குறிப்பு போட்டிருந்தீங்க. நான் லெஸ்டர்ல இருந்து தினமும் உங்க பேப்பரை போன்ல படிக்கிறவ, சின்ன வயசுல பெரம்பூர்ல பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி குடுத்த ரெண்டு ஸ்லைஸ்ல ஆரம்பிச்ச ஆசை, இங்க வந்து பதினோரு வருஷமா ஒவ்வொரு டிசம்பரும் நானே பண்றேன், அதனால ஆர்வமா படிச்சேன். படிச்சதும் பக்குனு ஆயிடுச்சு. 'பிங்க் சால்ட் 2 ஸ்பூன்'னு போட்டு பக்கத்துலயே 'இந்துப்பு'ன்னு விளக்கமும் குடுத்திருக்கீங்க. 5 நாள் ஊறணும்னு இருக்கு, ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு எங்கயுமே இல்ல.

நான் இதை எழுதறதுக்குள்ள பெரம்பூர்ல என் தங்கச்சி செஞ்சே பாத்துட்டா. புதன்கிழமை ராத்திரி வீடியோ கால்ல வாளி மூடியைத் திறந்து காட்டுறா, பின்பக்க வராந்தாவுல வச்சிருக்கா, 3 கிலோ தொடை, தண்ணி கலங்கி மேல நுரை கட்டியிருக்கு, எலும்பு ஓரமா கறி சாம்பல் நிறமா இருக்கு. "அக்கா, கடையில விக்கிற மாதிரி ரோஸா வரலையே"ன்னு கேக்குறா. கொட்டிடுடின்னு சொன்னேன். நல்லா வேகவச்சா சரியாயிடாதான்னா. ஆகாது, சில கிருமி விடுற விஷம் எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது. பாவம், முகம் வாடிப்போச்சு.

ஹாம் பண்றவங்க பிங்க் சால்ட்னு சொல்றது வேற சாமான். உப்போட சோடியம் நைட்ரைட் கலந்தது, நம்பர் 1 க்யூரிங் சால்ட்னு (க்யூரிங்னா கறியைப் பதப்படுத்துறது) கேட்டு வாங்கணும், 100 கிராம்ல 6.25 கிராம் நைட்ரைட், மிச்சம் சாதா உப்பு. சாப்பாட்டு உப்புன்னு நெனச்சு யாரும் எடுத்துப் போட்டுடக்கூடாதுன்னுதான் அதுல வேணும்னே ரோஸ் கலர் சேர்க்கிறாங்க. இந்துப்பு மலையில வெட்டி எடுக்கிறது, அந்த நிறம் இரும்பால வர்றது, நைட்ரைட் வேலையை அது செய்யாது.

அந்த வேலை என்னன்னா, தொடை மாதிரி தடிமனான கறியோட உள்பக்கம் காத்தே போகாது, காத்தில்லாத இடத்துல வளர்ற ஒரு கிருமிதான் பொட்டுலிசம்கிற நோயைக் குடுக்கிற விஷத்தை உண்டாக்குது, அந்தக் கிருமியை வளரவிடாம தடுக்கிறதுதான் நைட்ரைட். அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சதே ஒரு ஹாம்லதான். 1895 டிசம்பர்ல பெல்ஜியத்துல எல்ஸெல்னு ஒரு கிராமம், சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த பேண்டு கோஷ்டி உப்புல ஊறின ஹாமை வேகவைக்காம சாப்பிட்டிருக்காங்க, 3 பேர் செத்தே போயிட்டாங்க. எமில் வான் எர்மெங்கெம்கிற பேராசிரியர் அந்த ஹாம்ல இருந்துதான் கிருமியைப் பிரிச்சு எடுத்தார். உப்பு போட்டாச்சு, இனி கெடாதுன்னு நம்பி சாப்பிட்டவங்கதான் அவங்களும்.

அதுக்காக க்யூரிங் சால்ட்டை 2 ஸ்பூன்னு அள்ளிப் போடவும் கூடாது. நைட்ரைட் அளவு மீறினா ரத்தத்தால ஆக்சிஜனை சரியா கொண்டுபோக முடியாது, உதடு நகமெல்லாம் நீலமாயிடும், உயிருக்கே ஆபத்து. ஸ்பூன் கணக்கே இதுக்கு ஆகாது, கிராம் தராசு வேணும். கறியையும் தண்ணியையும் சேர்த்து எடை போட்டு கிலோவுக்கு இரண்டரை கிராம். 3 கிலோ கறி, 2 லிட்டர் தண்ணின்னா மொத்தம் 5 கிலோ, அதுக்கு பன்னிரண்டரை கிராம், அவ்வளவுதான், அது போக சாதா உப்பு 100 கிராம். நான் நகை தராசு மாதிரி ஒரு சின்ன தராசு வச்சிருக்கேன், ரெண்டு தடவை நிறுத்துட்டுதான் போடுவேன். பாக்கெட்ல சதவீதத்தையும் பாக்கணும், ஜெர்மனி பக்கம் விக்கிறதுல நைட்ரைட் 0.4ல இருந்து 0.5 சதவீதம்தான், அங்க உப்புக்கு பதிலா அதையேதான் முழுசா போடுவாங்க, அந்தக் குறிப்பைப் பாத்து 6.25 பாக்கெட்டைப் போட்டா பத்து மடங்குக்கும் மேல போயிடும். வாளி 4 டிகிரிக்கு கீழ ஃப்ரிட்ஜ்லதான் இருக்கணும். எங்க வீட்ல அந்த டப்பா மேல் அலமாரியில, சமையல் சாமானோட சேராம, 'தொடாதே'ன்னு எழுதி ஒட்டி இருக்கும்.

இவ்வளவு வேணாம்னு நெனைக்கிறவங்களுக்கு சுலபமான வழி இருக்கு. இங்க இங்கிலாந்துல ஏற்கனவே க்யூர் பண்ணின பச்சைக் கறியை கேமன்னு விக்கிறாங்க, அதை வேகவச்சா ஹாம். பச்சைத் தண்ணியில போட்டு ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணியைக் கொட்டிடணும், இல்லன்னா உப்பு தாங்காது. புதுத் தண்ணியில வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை போட்டு, கொதிக்க விடாம மெல்ல, அரை கிலோவுக்கு 20 நிமிஷம் கணக்கு, நடுவுல தெர்மாமீட்டர் குத்தினா 70 டிகிரி வந்து 2 நிமிஷம் நிக்கணும். அப்புறம் தோலை மட்டும் உரிச்சு, கொழுப்பை விட்டுட்டு, கத்தியால டைமண்ட் டைமண்டா கீறி ஒவ்வொரு முனையிலயும் ஒரு கிராம்பு, மேல கடுகு பேஸ்டும் நாட்டுச் சர்க்கரையும் தடவி 200 டிகிரி அவன்ல அரை மணி நேரம். அந்தக் கிராம்பு வாசம் வரும்போதுதான் எனக்கு கிறிஸ்துமஸ் வந்த மாதிரி இருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ரெண்டு ஞாயிறுதான் இருக்கு. திருத்தத்தை உள்பக்க மூலையில போடாம குறிப்பு வந்த அதே இணைப்புல, அதே பக்கத்துல, பெரிய எழுத்துல போடுங்க. இந்துப்பு போட்டு ஊறவச்சு வாளியில வச்சிருக்கிறவங்க அதை சாப்பிடாம கொட்டிடணும்னு முதல் வரியிலயே எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
லெஸ்டர், இங்கிலாந்து