ஹெலிகாப்டருக்கு முந்தைய வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆபத்தில் சிக்கியவர்களை அமெரிக்கத் தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் (பூங்காக் காவலர்கள்) மீட்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் முழுக்க ஹெலிகாப்டரும் கயிறுமாகவே போய்விட்டது. அதெல்லாம் தேவைப்படாமல் பார்த்துக்கொள்கிற ரேஞ்சர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிராண்ட் கேன்யன் என்கிற பிரம்மாண்டமான பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், அடியில் ஆறு ஓடுகிறது. வழக்கமான மலை என்றால் முதலில் ஏறுவோம், முடியவில்லை என்றால் திரும்பி இறங்கிவிடலாம். அங்கே எல்லாம் தலைகீழ். காலையில் மேலே விளிம்பில் குளுகுளுவென்று இருக்கும், பாதையும் இறக்கம், கால் தானாகப் போகும். கீழே போகப் போகத்தான் அனல், ஆற்றங்கரையில் கோடையில் 40 டிகிரி செல்சியஸை சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆள் களைத்த பிறகுதான் ஏற்றமே ஆரம்பிக்கிறது, அதுவும் உச்சி வெயிலில். 1996 கோடையில் வெயிலுக்கு உயிர்கள் பலியான பிறகு, 1997இல் பாதையிலேயே ஆட்களை நிறுத்தி, இறங்குகிறவர்களிடம் பேசிப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. எதுவரை போகிறீர்கள், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, சாப்பிட என்ன வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் கேள்வி. காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெயிலில் நடக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்புவார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று தோன்றும். வியர்வையில் உப்பும் போய்விடுகிறது, வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு நடந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும். இதில் கொடுமை என்னவென்றால், பார்ப்பதற்கு நீரிழப்பு மாதிரியே இருப்பதால் கூட வந்தவர்கள் பதறிப்போய் இன்னும் இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடிக்க வைப்பார்கள்.

சரி, ஹெலிகாப்டர்தான் இருக்கிறதே என்றால், அதுவும் எப்போதும் வராது. வெயில் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைந்து, இறக்கை சுழன்றாலும் தூக்கும் சக்தி போதாமல் போகும். 2024 ஜூலையில் டெத் வேலி என்கிற பாலைவனப் பூங்காவில் பைக்கில் வந்த ஒரு குழு வெயிலில் சிக்கியபோது அப்படித்தான் ஆனது, சுமார் 53 டிகிரியில் மருத்துவ ஹெலிகாப்டரால் பறக்க முடியவில்லை, அவர்களில் ஒருவர் இறந்தார்.

அப்புறம் இன்னொன்று. மீட்கப்பட்டவர்களிடமே செலவை வசூலிக்க வேண்டும் என்று கட்டுரை முடிகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பொதுவாகத் தேடல், மீட்புக்குப் பணம் கேட்பதில்லை, எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. கால் பிசகினவர் பில்லுக்குப் பயந்து சமாளித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டு இருட்டின பிறகு கூப்பிட்டால், தேடிப் போகிற ரேஞ்சருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்