துனீசியாவில் எங்களுக்குத் துணைநின்றவர்களுக்கு

துனிஸ், கைரவான், எல் ஜெம், ஸ்ஃபாக்ஸ், தோசர் ஆகிய ஊர்களில் எங்களுக்கு உதவிய அனைவருக்கும் வணக்கம்.

இம்மடலின் பிரெஞ்சு வடிவம், முகவரி தந்தவர்களுக்குத் தனித்தனியே அஞ்சலில் வருகிறது. அதையே தமிழிலும் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எழுபது வயதைக் கடந்த, மூட்டுவலியுள்ள, முட்டைகூட உண்ணாத என் அம்மாவை வட ஆப்பிரிக்காவுக்கு அழைத்துச் செல்கிறேன் என்று சொன்னபோது, எங்கள் ஊரில் ஊக்கப்படுத்தியவர்களைவிடத் தடுத்தவர்களே மிகுதி. அங்கே எங்களை யார், எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை அவர்களும், அவர்களைப் போலத் தயங்குகிறவர்களும் அறிய வேண்டும்.

முதல் நன்றி, புதுச்சேரியில் எனக்குப் பிரெஞ்சு கற்பித்த ஆசிரியைக்கு உரியது. 1881 முதல் 1956 வரை பிரான்ஸின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த துனீசியாவில், அரபுக்கு அடுத்தபடியாகப் பிரெஞ்சு இன்றும் கடையிலும் மருந்தகத்திலும் பேருந்து நிலையத்திலும் எடுபடுகிறது. எழுபதுக்கு மேற்பட்ட எண்களைச் சரியாகச் சொல்லும்வரை நீங்கள் என்னை விடாதது, விலை கேட்கும் இடங்களிலெல்லாம் உதவியது.

துனிஸ் பழைய நகரில் எங்களைத் தங்கவைத்த அம்மையாரே, உங்கள் அடுக்களையைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் நாட்டில் சைவம் உண்பவர்களின் பாடு எளிதன்று. சுட்ட மிளகாயையும் தக்காளியையும் பூண்டையும் நறுக்கிப் பிசைந்த மெஷுவியா சாலட்டின் மேல் யாரும் கேட்காமலே சூரை மீன் வந்து அமர்ந்துவிடும். பிரிக் என்னும் மெல்லிய மாவுப் பொரியலுக்குள் முட்டை ஒளிந்திருக்கும். குஸ்குஸில் உள்ள சிக்கல் இன்னும் நுட்பமானது. கீழ்ப்பானையில் குழம்பு கொதிக்க, அதன்மேல் பொருத்திய துளைப்பானையில் ரவை மணிகள் அந்தக் குழம்பின் ஆவியிலேயே வேகின்றன. ஆகவே தட்டில் இறைச்சியை ஒதுக்கிவிட்டாலும் ஒவ்வொரு மணியிலும் அதன் மணம் ஏறியிருக்கும். இதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோதே நீங்கள் புரிந்துகொண்டு, மகளின் திருமணத்துக்கென வாங்கிவைத்திருந்த, அதுவரை அடுப்பேறாத பானையைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னீர்கள். கொண்டைக்கடலை, பூசணி, கேரட், அந்தப் பருவத்தில் வந்த பட்டாணி இவற்றோடு குழம்பு கொதித்தது. இரண்டு பானைகளும் சேரும் இடத்தில் ஆவி வீணாகாமல் ஈரத்துணி சுற்றியதையும், ஒருமுறை வெந்த மணிகளை அகன்ற தட்டில் கொட்டி, நீர் தெளித்து, ஆலிவ் எண்ணெய் தடவிய கையால் உதிர்த்து, மறுபடி ஆவிக்கு ஏற்றியதையும் அம்மா உங்கள் அருகிலேயே நின்று கவனித்தார். உங்கள் இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லாததால் நான் மொழிபெயர்க்க வந்தேன். நீங்கள் இருவருமே என்னை வெளியே போகச் சொல்லிவிட்டீர்கள்.

2022இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட ஹரிஸாவை, கடையில் விற்கும் டப்பாவில் அல்லாமல், வெயிலில் காய்ந்த மிளகாயை நீங்களே பூண்டும் மல்லி விதையும் உப்பும் சேர்த்து அரைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி மூடிய சாடியில் எங்களுக்குத் தந்தீர்கள். அது எங்கள் வீட்டில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப் பயன்பட்டு வெகுசீக்கிரம் தீர்ந்தது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

துனிஸின் மொன்செஃப் பே நிலையத்தில் லுவாஜ் என்னும் பகிர்வுச் சிற்றுந்துகளை ஓட்டுபவர்களுக்கும் நன்றி. எட்டுப் பயணிகள் சேர்ந்ததும் புறப்படும் இந்தச் சிற்றுந்துகளுக்குக் கால அட்டவணை கிடையாது. ஊர்ப்பெயரைக் கூவி ஆள் சேர்ப்பதே வழக்கம். நகருக்குள் ஒரு வாடகைக் கார் மீட்டர் போட மறுத்துக் கூடுதலாக வாங்கிய எரிச்சலோடு நாங்கள் வந்து சேர்ந்தோம். நீங்களோ அம்மாவின் நடையைப் பார்த்த மாத்திரத்தில், முதலில் வந்து முன்னிருக்கையில் அமர்ந்திருந்த இளைஞரைப் பின்னால் போகச் சொன்னீர்கள். அவரும் முகம் சுளிக்காமல் எழுந்தார். அவருக்கும் இந்த நன்றி சேரட்டும்.

கைரவான் பெரிய மசூதியின் வாயிற்காவலர் அவர்களே, 670இல் தொடங்கப்பட்டு ஒன்பதாம் நூற்றாண்டில், அப்பகுதியை அப்போது ஆண்ட அக்லபிய மன்னர்களால் திரும்பக் கட்டப்பட்ட அந்தத் தொழுகைக் கூடத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் செல்ல இயலாது என்பதை நீங்கள் மறுப்பாகச் சொல்லாமல், கதவோரம் ஒரு நாற்காலி போட்டுச் சொன்னீர்கள். ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்துவந்த தூண்களை அம்மா அங்கிருந்தே கண்டார். முற்றம் முழுவதும் நடுவில் உள்ள வடிகாலை நோக்கிச் சரிந்திருப்பதையும், மழைநீர் அதன் படிகளில் தூசியை விட்டுவிட்டு அடியிலுள்ள தொட்டிக்குள் இறங்குவதையும், கிணற்றின் பளிங்கு வாயில் கயிறு உராய்ந்து விழுந்த பள்ளங்களையும் நீங்கள் காட்டியிராவிட்டால், வெறும் கல்தளம் என்றே கடந்து போயிருப்போம்.

எல் ஜெம் வட்டரங்கில், ஏறத்தாழ 35,000 பேர் அமரக்கூடியதாகக் கருதப்படும் அந்த மூன்றாம் நூற்றாண்டுக் கட்டடத்தில் நான் மேலே ஏறிச் சுற்றிவரும்வரை, அம்மாவைக் கைப்பிடித்துத் தரைத்தளம் முழுவதும் காட்டிய பணிப்பெண்ணுக்கும், ஸ்ஃபாக்ஸில் இரவு திறந்திருந்த மருந்தகத்தில் எங்கள் இரத்த அழுத்த மாத்திரையின் மூலப்பெயரைப் படித்து அதற்கு ஈடானதை எடுத்துத் தந்தவருக்கும் நன்றி. அந்த மருந்தாளுநர் மறுநாள் காலையில் விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்து, அழுத்தம் இப்போது எவ்வளவு என்று கேட்டார்.

தோசர் பேரீச்சைத் தோப்பில் எங்களுடன் ஒரு முற்பகல் முழுவதையும் செலவிட்ட பெரியவரே, அம்மா உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் வளர்ந்தவர். அதனால்தான் அத்தனை கேள்விகள். உயரே பேரீச்சை, அதன் நிழலில் மாதுளையும் அத்தியும், அவற்றின் கீழே கீரையும் காய்கறியும் என மூன்று அடுக்காக நடக்கும் வேளாண்மையை நீங்கள் பாத்தி பாத்தியாக விளக்கினீர்கள். ஆண் மரத்தின் பூங்கதிரைப் பெண் மரத்தின் குலைக்குள் செருகிக் கட்டுவதற்காக நீங்கள் ஏறியபோது, உங்கள் கால் வைப்பைப் பார்த்து அம்மா மெச்சினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோசர் அறிஞர் இப்ன் ஷப்பாத் வகுத்த நீர்ப்பங்கீட்டைப் பற்றிப் பெருமையோடு பேசிய நீங்கள், ஊற்றுகள் வற்றிப்போய் இன்று ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருப்பதை மறைக்கவில்லை. உங்கள் முன்னோர் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கு உழைத்த கம்மாஸ் குத்தகையாளர்கள் என்பதையும் ஒளிவின்றிச் சொன்னீர்கள்.

நீங்கள் தந்த லக்மி, எங்கள் பதநீரின் உடன்பிறப்பு. காலையில் தேனாக இனிப்பதும் வெயில் ஏற ஏறப் புளித்துப் பொங்குவதும் இரண்டுக்கும் பொது. ஆனால் பனையில் பாளையைச் சீவுகிறோம், நீங்களோ பேரீச்சையின் உச்சிக் குருத்தையே சீவுகிறீர்கள் என்று அம்மா பதறியபோது, அதற்காகவே முதிர்ந்து காய்ப்புக் குறைந்த மரங்களைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லி, இளைப்பாற விட்டிருந்த ஒரு மரத்தையும் காட்டினீர்கள். ஷோத் எல் ஜெரீத் உப்புவெளியின் நடுவே போகும் சாலையில் கானல்நீரைக் கண்டு எல்லோரும் வியந்துகொண்டிருக்க, அம்மா அந்த மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

எங்களிடம் நீங்கள் பணம் வாங்க மறுத்ததால், அம்மா உங்களுக்காக உடன்குடிக் கருப்பட்டி வாங்கி அனுப்பியிருக்கிறார். கல்லைப் போல இருக்கும். உடைத்துக் காப்பியில் போட்டுக்கொள்ளலாம். துனிஸ் அம்மையாருக்கு மணப்பெண்ணுக்கென ஒரு பட்டுச் சேலை வருகிறது. அதைக் கட்டும் முறையைப் படம் வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
தாயும் மகளும்