சிறு டிராக்டர் கவிழ்வதைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விவசாயக் கருவிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வரும் பக்கங்களை ஒன்று விடாமல் படிப்பவன் நான். சிறு டிராக்டர் என்றால் எத்தனை குதிரைத்திறன், மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கும், என்னென்ன கருவி மாட்டலாம் என்பதெல்லாம் வருகிறது. அது எப்படிக் கவிழும் என்பது மட்டும் வருவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். மூன்று ஏக்கர் நிலமும் 24 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன். வண்டி வந்து ஏழு வருடம் ஆகிறது. எரு அள்ளுவது, புல் வெட்டுவது, மழையில் அரித்துப்போன பாதையை நிரவுவது எல்லாம் அதில்தான். வேலிக்கால் நட முன்பு கடப்பாரையால் நாலு குழி தோண்டினாலே மறுநாள் முதுகு நிமிராது. இப்போது காலை வெயில் ஏறுவதற்குள் ஒரு பக்க வேலிக்குக் குழி போட்டு முடித்துவிடுகிறேன். எனவே வண்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. "சின்ன வண்டிதானே" என்று நினைத்துவிடுகிறோமே, அந்த நினைப்பைப் பற்றித்தான் பேசுகிறேன். எனக்கும் அது இருந்தது.

வண்டி வாங்கிய மூன்றாவது வருடம், பட்டுப்போன மரம் ஒன்றின் அடிக்கட்டையைப் பிடுங்கப் போனேன். சுற்றிலும் மண்ணைப் பறித்து, கட்டையில் சங்கிலியைச் சுற்றி, மறுமுனையை, பின் அச்சுக்கு மேலே டாப் லிங்க் (கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு பிணைக்கும் இரும்புத் தண்டு) மாட்டும் கொண்டியில் போட்டேன். கீழே இழுவைக் கம்பி இருந்தது. குனிய வேண்டுமே என்ற சோம்பலில், கைக்கு எட்டிய இடத்தில் மாட்டிவிட்டேன். முதல் கியரில் போட்டு கிளட்சை விட்டதும் சங்கிலி விறைத்தது. கட்டை அசையவில்லை. கண்ணெதிரே பானெட் மெதுவாக எழும்பியது. எதிரே இருந்த வேலி மறைந்தது, பிறகு மரங்கள் மறைந்தன, வானம் மட்டும் தெரிந்தது. கால் தானாகக் கிளட்சை மிதித்தது. முன் சக்கரங்கள் தொம்மென்று தரையில் விழுந்தன. எல்லாம் இரண்டு விநாடிகூட இருக்காது. வண்டியை அணைத்துவிட்டு, இறங்கத் தெம்பில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முப்பது வருடம் திருப்புவிசையைக் கரும்பலகையில் விளக்கியவன் நான். என்ன நடந்தது என்பது அன்று ராத்திரிதான் உறைத்தது. எஞ்சின் பின் அச்சைச் சுழற்றுகிறது. சக்கரம் உருள முடியாமல் மாட்டிக்கொண்டால், அந்த விசை வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். கீழே உள்ள இழுவைக் கம்பியில் மாட்டியிருந்தால், முன்பக்கம் எழ எழ அந்தக் கம்பி தரையை நோக்கித் தாழும், புரட்டும் வலுவும் குறையும். அச்சுக்கு மேலே மாட்டினால் அந்தக் காப்பு கிடையாது. சங்கிலியே வண்டியைப் பின்னால் மல்லாத்திவிடும்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து டிராக்டர்களில் கலப்பை பாறையில் சிக்கினால் முன்பக்கம் எழும்பி, ஓட்டுநர் மேலேயே விழுந்துவிடும். இதற்கு வழி கண்டவர்களில் முதன்மையானவர் ஹாரி பெர்குசன் என்ற பொறியாளர். கருவியை வண்டியோடு மூன்று இடத்தில் பிணைக்கும் அவருடைய மூன்று புள்ளி இணைப்பு 1939-இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரில் பெருவாரியாகப் பரவியது. இன்று நம் வண்டிகளின் பின்னால் இருப்பதும் அதே அமைப்புதான். கலப்பை எதிலாவது முட்டினால் மேலே உள்ள டாப் லிங்க் வண்டியை முன்னோக்கித் தள்ளும், முன் சக்கரம் தரையோடு அழுந்தும். டாப் லிங்க் விறைப்பான இரும்பு, அதனால் தள்ளும். சங்கிலிக்குத் தள்ளத் தெரியாது, இழுக்க மட்டுமே தெரியும். கவிழாமல் காக்க வைத்த இடத்திலேயே சங்கிலியை மாட்டி, கவிழப் பார்த்திருக்கிறேன்.

அன்று வண்டி முழுசாகப் புரண்டிருந்தால் என்னைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. வண்டி புரண்டால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்க இருக்கைக்குப் பின்னால் நிற்க வேண்டிய இரும்புப் பாதுகாப்பு வளைவை மடக்கி வைத்திருந்தேன். வண்டியைக் கொண்டுவந்து இறக்கியவரே, "மரக்கிளையில இடிக்கும் சார், மடக்கியே விட்டுடுங்க" என்று மடக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நானும் நிமிர்த்தவில்லை. மறுநாள் நிமிர்த்தப் போனால் இரண்டு பக்கமும் வளைவைப் பிடித்திருக்கும் இரும்பு ஊசி துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, சுத்தியலால் தட்டித்தான் கழற்றினேன். பிறகு அரிவாளை எடுத்துப்போய் அந்தக் கிளையை வெட்டினேன்.

சுவீடனில் புது டிராக்டர்களுக்கு இந்த வளைவு 1959-லேயே கட்டாயமாகிவிட்டது. அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் மடக்கி வைத்த வளைவால் பயனில்லை. வளைவு நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம் போட வேண்டும், இல்லையென்றால் வண்டி சாயும்போது வளைவுக்கு வெளியே தூக்கி எறியப்பட்டு அதன் அடியிலேயே சிக்குவோம். கொட்டகைக்குள் நுழைய மடக்கினால் அந்த நேரத்துக்குப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வெளியே வந்ததும் இரண்டையும் பழையபடி செய்ய வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வண்டியோடு வந்த கையேட்டில் இருந்தது. அதை நான் பிரித்துப் படித்ததே இந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான்.

எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது சுற்று. எட்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தண்டு என்று வைத்தால், ஒரே விநாடியில் இரண்டு மீட்டருக்கு மேல் துணியைச் சுருட்டிவிடும். தோளில் கிடக்கும் துண்டின் நுனி பட்டால், கையை எடுக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் கழுத்துவரை இழுத்துவிடும். என் வண்டியில் தண்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை விரிசல் விட்டிருந்தது. "என்னங்க, அது உடைஞ்சு ஆறு மாசமாச்சு, மாத்துங்க" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். மாற்றிவிட்டேன். இப்போது தண்டு சுற்றும்போது அதைத் தாண்டுவதில்லை. எஞ்சினை அணைத்து, சுழற்சி நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே பக்கத்தில் போகிறேன்.

முன்னால் மண், ஜல்லி அள்ளும் லோடர் பக்கெட் மாட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். பக்கெட் நிறைய ஜல்லியோடு சரிவில் இறங்கினால் பாரம் முன்னால் போய், பின் சக்கரம் லேசாகிவிடும், பிரேக் பிடிக்காது. பின்னால் பாரம் கட்டி, பக்கெட்டைத் தரையை ஒட்டி வைத்து, நாலு சக்கர இயக்கத்தைப் போட்டு, சின்ன கியரில் இறங்குங்கள். பாதிச் சரிவில் கிளட்சை மிதிக்கவே கூடாது.

பேரப் பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டும் பழக்கம் எனக்கும் இருந்தது. நிறுத்திவிட்டேன். ஒரு இருக்கை, ஒரே ஆள். பேரன் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

உங்கள் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கி, சங்கிலியை எங்கே மாட்ட வேண்டும், எங்கே மாட்டக்கூடாது, வளைவு எப்போது நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதைப் படம் போட்டு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி படம் பெரிதாக இருக்கட்டும். வந்ததும் கத்தரித்து எங்கள் கொட்டகைச் சுவரில், சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பேன். வண்டியை எடுக்கிற யாரும் அதைப் பார்க்காமல் சாவியைத் தொட முடியாது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்