செயலாளர் ஆண்டறிக்கை: ஜப்பானும் அமெரிக்காவும் வாங்குன பலகை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன பொதுக்குழுவுல பேசுன மாதிரி இந்த வருஷம் மாசக் கூட்டத்துல சந்தா கணக்க மட்டும் வாசிச்சிட்டு கலையாம, ஜப்பானும் அமெரிக்காவும் பிளைவுட், எம்டிஎஃப் (மர நார அழுத்துன பலகை), பார்ட்டிகிள் போர்டு, ஓஎஸ்பி (மரச் சீவல ஒட்டி அழுத்துன பலகை) எல்லாம் வெளிய இருந்து எப்படி வாங்கியிருக்காங்கன்னு ஒப்பிட்டுப் பாத்தோம். ஐநா உணவு வேளாண் அமைப்போட கணக்கு 1961ல இருந்து கிடைக்குது, அதத்தான் எடுத்துக்கிட்டோம்.

முதல் கூட்டம் சொதப்பல், தப்பு என்னோடதுதான். ஒரு நாட்டுக்கு கன மீட்டர்லயும் இன்னொண்ணுக்கு டாலர்லயும் எடுத்து சார்ட் வரைஞ்சுட்டேன், செவுத்துல ஒட்டுனா ரெண்டு கோடும் கை கோத்துட்டு போற மாதிரி அவ்ளோ அழகா இருந்துச்சு, பொருளாளர்தான் ஓரத்துல யூனிட்ட படிச்சுட்டு "என்னங்க, ஒருத்தருக்கு பலகை, ஒருத்தருக்கு பணமா"ன்னு கேட்டாரு. பழைய ஆண்டுப் புத்தகங்கள்ல வெனீரயும் (மரத்துல இருந்து உரிச்ச மெல்லிசு தகடு) சேத்தே கூட்டியிருப்பாங்க, அதயும் கழிச்சுட்டு திரும்ப வரைஞ்சோம்.

அமெரிக்கா கதை சீக்கிரம் முடிஞ்சிடும். வீடு கட்டுனா கோடு ஏறும், நின்னா இறங்கும். 2005ல 20 லட்சத்துக்கு மேல வீடு ஆரம்பிச்சவங்க 2009ல அஞ்சரை லட்சத்துக்கு வந்துட்டாங்க, கனடாவுல இருந்து வர்ற ஓஎஸ்பியும் கூடவே விழுந்துச்சு. 2018ல சீன ஹார்ட்வுட் பிளைவுட்டுக்கு கூடுதல் வரி போட்டதும் வியட்நாம் சரக்கு கூடிடுச்சு, உள்ள இருக்க கோர், அதாவது நடு அடுக்கு, சீனாவுதான்னு அதுக்கும் ஒரு விசாரணை!

ஜப்பான்லதான் பெரிய வாக்குவாதம். அங்கயும் வீட்டுக் கணக்குதான்னு ஒருத்தர் அடிச்சு சொன்னாரு, அதுலயும் நியாயம் இருக்கு, 1996ல 16 லட்சத்துக்கு மேல இருந்தது 2009ல 8 லட்சத்துக்கும் கீழ போயிடுச்சு. ஆனா துணைத்தலைவர் விடல, "அப்போ 1960கள்ல அவ்ளோ வீடு கட்டுனாங்களே, பலகைக் கோடு ஏன் தரையோட கிடக்கு"ன்னாரு. விஷயம் என்னன்னா அப்போ பலகையா வாங்கல, பிலிப்பைன்ஸ், அப்புறம் இந்தோனேசியா, மலேசியான்னு லாவான்ங்கற தென்கிழக்கு ஆசியக் காட்டு மரத்த முழு லாக்கா, அதாவது அறுக்காத அடிமரமா, இறக்கி அவங்க மில்லுலயே உரிச்சு ஒட்டிக்கிட்டாங்க. 1985ல இந்தோனேசியா லாக் ஏற்றுமதிய முழுசா நிறுத்துனதும் அதே காட்டு மரம் பிளைவுட்டா வர ஆரம்பிச்சுது, நம்ம கோடு அங்கதான் எழும்புது. மரம் புதுசு இல்ல, கணக்குல வேற கட்டத்துக்கு மாறிடுச்சு, அவ்ளோதான். அப்புறம் அவங்க வாங்கிட்டு இருந்த ரஷ்ய லாக்குக்கு அந்த நாடு ஏற்றுமதி வரிய ஏத்தி 2008ல 25 சதவீதம் ஆக்குனதும் ஜப்பான் மில்லுங்க சொந்த ஊரு சுகி மரத்துக்கு இன்னும் வேகமா மாறிட்டாங்க.

அன்னைக்கு ஒரு உறுப்பினர் ரெண்டு துண்டு கொண்டுவந்து காட்டுனாரு. லாவான் முகம் செவப்பா, ஒரு கணு கூட இல்லாம வழவழன்னு, சுகி வெளிர் நெறம், கைய வெச்சா கணு தட்டுது. நான் அரை நாள் உக்காந்து வரைஞ்ச சார்ட்ட விட்டுட்டு எல்லாரும் அதத்தான் தடவிட்டு இருந்தாங்க.

ஆகவே அடுத்த வருஷம் அதே சார்ட்டுல லாக் இறக்குமதிக்கும் ஒரு கோடு போடணும்னு தீர்மானம், ஒருத்தர் தவிர எல்லாரும் ஆதரவு. சார்ட் அலமாரி மேல சுருட்டி வெச்சிருக்கு, தயவுசெஞ்சு யாரும் நோட்டுக்கு அட்டை போட எடுத்துடாதீங்க.