பல் சிகிச்சையின்போது சிறுபிள்ளைகளின் பயம் போக்க ஆவன செய்யக் கோரும் மனு

பணிப்பாளர் அவர்கள்,
பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை,
மட்டக்களப்பு.

மதிப்புக்குரிய ஐயா,

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் வைத்தியசாலையின் பல் பிரிவு தாங்கள் அறிந்த இடம்தான். அங்கே சிறுபிள்ளைகள் படும் பாட்டைப் பற்றி அங்குள்ள பொறுப்பாளரிடம் போன வருடமே எழுதிக் கொடுத்தோம். பிறகு ஞாபகப்படுத்தியும் கொடுத்தோம். "பார்ப்பம்" என்ற வாய்ச்சொல்லைத் தவிர ஒரு வரிப் பதில் இல்லை. அதனால்தான் தங்களிடம் நேரே வருகிறோம்.

1. பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே வரிசை. துண்டு எடுத்துவிட்டு அறை வாசலில் உள்ள வாங்கில் இருக்க வேண்டும். கதவு காற்றுக்காகத் திறந்தே கிடக்கும். உள்ளே பல் பிடுங்கும்போது வரும் முனகல், தட்டில் சாமான் விழும் சத்தம், இரத்தப் பஞ்சைக் கடித்தபடி ஒருவர் வெளியே வருவது, எல்லாவற்றையும் ஐந்து வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. கிழமையில் ஒரு காலையை, முடியாவிட்டால் தினமும் முதல் ஒரு மணித்தியாலத்தை, பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள்.

2. தாயை உள்ளே விடுங்கள் ஐயா. எல்லாவற்றிலும் பெரிய நோவு இதுதான். "அம்மா நின்றால் பிள்ளை கூடக் கத்தும்" என்று வெளியே நிறுத்துகிறார்கள். என் மகளுக்கு ஆறு வயது. கீழ்ப்பல்லில் சூத்தை. கதிரையில் ஏற்றியதும் வாயை இறுக மூடிக்கொண்டாள். ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் கைகளை அமத்த, விறைப்பு ஊசி போட்டார்கள். "அம்மா, அம்மா" என்று அவள் கூப்பிட்டது வாங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. நான் கதவடியில் நின்றேன். வெளியே வந்தபோது இரண்டு மணிக்கட்டிலும் விரல் பதிந்த சிவப்பு. அதன் பிறகு பல் துலக்கக்கூட வாய் திறக்கிறாளில்லை. பள்ளிக்கூடத்துக்கு வைத்தியப் பரிசோதனைக்கு ஆட்கள் வந்த அன்று கழிவறைக்குள் போய் ஒளித்துக்கொண்டாள். இப்போது பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் பாற்பல் இல்லை, ஆயுளுக்கும் நிற்க வேண்டிய பல். அதில் சூத்தை விழுந்தால் இவளை மறுபடி அந்தக் கதிரையில் யார் ஏற்றுவது? இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை, கையொப்பம் வைத்த தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள்.

3. செய்யப்போவதைச் சொல்லி, காட்டி, பிறகு செய்வது பல் வைத்தியப் படிப்பிலேயே உள்ள முறை. அதற்குப் புது மிஷின் தேவையில்லை. வாய்க்குள் விடும் கண்ணாடியைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம். சுற்றும் பிரஷை முதலில் நகத்தில் வைத்துக் காட்டலாம். நொந்தால் கையைத் தூக்கச் சொல்லி, தூக்கினால் உண்மையாகவே நிப்பாட்டலாம். ஊசிக்கு முதல் பல் முரசில் விறைப்பு ஜெல் பூசி, அது பிடிக்கும்வரை கொஞ்சம் பொறுக்கலாம். இதற்குமா நேரமில்லை?

4. பாற்பல் சூத்தையைக் கையாயுதத்தால் சுரண்டி அடைக்கும் முறை இருக்கிறது. சூத்தையைக் கறுப்பாக்கினாலும் மேலும் பரவாமல் தடுக்கும் சில்வர் ஃபுளோரைட் மருந்தும் இருக்கிறது. பொருந்துகிற பிள்ளைக்குச் செய்யட்டும்.

5. பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். ஒருவரைக் கிழமைக்கு ஒருநாளாவது இந்தப் பக்கம் அனுப்புங்கள்.

"டவுனுக்குக் கொண்டு போங்கள்" என்று லேசாகச் சொல்கிறார்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பாதைப் படகில் ஏறி வாவியைக் கடக்கத் தேவையில்லை, சரி. ஆனால் கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ஒருநாள் சம்பளம் போனால் அன்றைய உலை என்னாவது?

ஆளணி குறைவு என்பது எங்களுக்கும் தெரியும். அங்குள்ள வைத்தியர் பகல்வரை நிமிர நேரமில்லாமல் வேலை செய்கிறார், அவர் மேல் கோபமில்லை. ஆனால் தாய்க்கு ஒரு ஸ்டூல் போட ஆளணி வேண்டுமா? ஒரு கதவைச் சாத்த எந்தச் சுற்றறிக்கை வர வேண்டும்? எத்தனை பிள்ளைகள் இப்படி அலற வேண்டும் ஐயா?

மற்றவை பிந்தினாலும் பொறுப்போம். இரண்டாவதை மட்டும் இந்தக் கிழமையே உத்தரவிடுங்கள். தாயைப் பிள்ளையின் பக்கத்தில் நிற்க விடுங்கள். தயவுசெய்து இந்த மனுவுக்காவது எழுத்தில் ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரைப் பெற்றோர் சார்பில் ஒரு தாய்

(பெற்றோரின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன.)