சித்திரவதைத் தடைச் சட்டம் என்ன ஆயிற்று? தமிழக எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களே,

வணக்கம். காவல் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று வெள்ளைக்காரர் காலத்துச் சாட்சியச் சட்டமே சொன்னது. லாக்கப்பில் அடித்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. சாத்தான்குளத்தைப் பார்த்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாதுகாப்பைப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களான தடாவும் பொடாவும், மகாராஷ்டிரத்தின் அமைப்புசார் குற்றத் தடுப்புச் சட்டமான மோக்காவும் பறித்தன. உயிரே போகக்கூடிய வழக்குகளில் போய் இப்படிச் செய்தார்கள்.

ராஜீவ் கொலை வழக்கில் 1998இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் 19 பேருக்கு எதிரான கொலைச் சதிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. தடாவின்கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே இது இல்லை என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆனால் தடாவின்கீழ் பதிந்த வாக்குமூலங்கள் மட்டும் செல்லுமாம்! குண்டுக்குப் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகத் தூக்கு உறுதியானவர்களில் ஒருவர் பேரறிவாளன். அந்தப் பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டேன் என்று, வாக்குமூலம் பதிந்த சிபிஐ அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளனைத் தூக்கிலிடக் குறித்திருந்த நாள் 2011 செப்டம்பர் 9. சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திராவிட்டால் அந்த உண்மை யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பில் 180க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மோக்காவின்கீழ் நடந்த அந்த வழக்கில் ஐவருக்குத் தூக்கு, எழுவருக்கு ஆயுள். 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. வாக்குமூலங்கள் சித்திரவதையால் பெறப்பட்டவை என்ற புகாரை ஏற்று அவற்றை ஒதுக்கியது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. தூக்கு விதிக்கப்பட்ட ஐவரில் ஒருவர் 2021இலேயே நாக்பூர் சிறையில் கொரோனாவால் இறந்துவிட்டார். அவர் வீட்டாருக்கும், ரயிலில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கும் இந்த அரசு என்ன பதில் சொல்லும்?

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. அதற்குக் கட்டுப்படுவதாக உறுதி செய்யும் ஏற்புறுதியை இன்றுவரை அளிக்கவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடை மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமலே காலாவதியானது. இப்படி ஒரு சட்டம் வேண்டுமென்று 2017இல் சட்ட ஆணையமும் வலியுறுத்தியது, அதுவும் கிடப்பில்தான். அதே ஆணையம் 2015இல் தூக்கை ஒழிக்கச் சொன்னபோது பயங்கரவாத வழக்குகளுக்கும் நாட்டின்மீது போர் தொடுத்த வழக்குகளுக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கை நீங்கள் ஏற்கக் கூடாது. மேலே சொன்ன இரண்டு வழக்குகளும் பயங்கரவாத வழக்குகளாகப் போடப்பட்டவைதான்.

வரும் கூட்டத்தொடரில் கட்சி பார்க்காமல் சேர்ந்து கேளுங்கள்: ஏற்புறுதி எப்போது, சட்டம் எப்போது? அரசு கொண்டுவராவிட்டால் உங்களில் ஒருவர் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவாருங்கள். காவலர் பதியும் வாக்குமூலத்தைக் கொண்டு யாரையும் தூக்குக்கு அனுப்பக் கூடாது என்ற பிரிவு அதில் கட்டாயம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்