ஆடி அமாவாசை ஆஃப்

அன்புள்ள அக்கா,

ஷிப்ட்டையும் விடுமுறை நாளையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கேட்கும் மனுவைத் திங்கட்கிழமையே தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். உங்களிடம் சொல்லாமல் செய்தது மனதை உறுத்துகிறது. சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள். தடுக்காவிட்டாலும், தெரிந்தே விட்டுவிட்டாள் என்று உங்கள் மேல்தான் பாய்ந்திருப்பார்கள். இது மன்னிப்பா, நியாயம் சொல்வதா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

கடை எது, எந்தத் தெரு என்று இங்கே எழுத மாட்டேன். கடலூரில் துணிக்கடைக்குக் குறைவில்லை. யார் யார் படிப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

நேற்று ஆடி அமாவாசை. எனக்கு அந்த வருஷத்து அமாவாசைதான் ஞாபகம் வந்தது. உங்களுக்கு ஆஃப் கொடுத்துவிட்டு, தள்ளுபடிக் கூட்டம் தாங்கவில்லை என்று காலையில் போன் போட்டுக் கூப்பிட்டார்கள். தலை ஈரம் காயாமல் வந்தீர்கள். காலில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணல். டிரையல் ரூமில் யூனிஃபார்ம் சேலைக்கு மாறிக்கொண்டு நேராக காட்டன் செக்‌ஷனுக்குப் போனீர்கள். ஒரு பாட்டிக்குச் சுங்குடிச் சேலையை விரித்துக் காட்டும்போது பார்த்தேன், வளையலுக்குக் கீழே மூன்று நான்கு எள் ஒட்டிக்கொண்டிருந்தது. "தர்ப்பணம் முடிஞ்சுதாக்கா?" என்றேன். "தம்பி பாத்துப்பான்" என்றீர்கள். வீட்டில் படையல் போடவில்லை, காக்காய்க்கு வைக்கவில்லை. அதனால் மதியம் நான் நீட்டிய தயிர் சாதத்தைத் தொடவே இல்லை. கடை சாத்தும்வரை வெறும் வயிற்றோடு நின்றீர்கள். புடவையை எப்படி மடிப்பது, முறைக்கிற கஸ்டமரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது நீங்கள். அன்றைக்கு உங்களுக்காக ஒரு வார்த்தை பேச அந்த ஃப்ளோரில் ஒருத்தரும் இல்லை.

அந்தக் கையால்தான் இப்போது ராத்திரி பத்தே முக்காலுக்கு குரூப்பில் மறுநாள் ஷிப்ட் போடுகிறீர்கள். எப்படி அக்கா மனசு வருகிறது? பத்து மணிக்குக் கடை சாத்தி, கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்த பெண்ணைக் காலை எட்டரைக்கு ஓப்பனிங் வரச் சொல்கிறீர்கள். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக டோக்கன் வாங்கி வைத்திருந்தவளுக்கு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று ஒரு வரி. அன்று உங்களுக்குச் சொன்னதும் அதே வரிதானே.

மேலேயிருந்து உங்களுக்கு வரும் நெருக்கடி எனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதினால் உங்களுக்குத்தான் தொந்தரவு.

மனுவில் என்ன கேட்டிருக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன். 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை என்கிறது. அந்த விடுமுறை எந்த நாள், எந்த ஷிப்ட் என்பதை எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி. அமெரிக்காவில் சான்ஃபிரான்சிஸ்கோ 2014-லேயே பெரிய சங்கிலிக் கடைகளுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்ல வேண்டும் என்று விதி போட்டது. ஓரிகன் மாநிலம் 2017-இல் சட்டமே போட்டது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களின் கடைகளில் 14 நாள் முன்பே அட்டவணையை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் ஷிப்ட்டை மாற்றினால் ஒரு மணி நேரச் சம்பளம் கூடுதல், வேலையைக் குறைத்தால் குறைத்த நேரத்துக்குப் பாதிச் சம்பளம். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்க 10 மணி நேரம் இடைவெளி வேண்டும். அங்கேயும் பண்டிகைக் கூட்டம் வரத்தான் செய்கிறது. கடைகள் மூடிவிடவில்லை.

நாங்கள் கேட்டது இன்னும் சின்னது. ஒரு வாரம் முன்பு, காகிதத்தில், பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். கொடுத்த ஆஃபைப் பறித்தால் அன்றைக்கு இரட்டைச் சம்பளம். நடக்காது என்பீர்கள். ஸ்டூலும் நடக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 2021-இல் உட்காரும் உரிமையை அதே கடைச் சட்டத்தில் சேர்த்தார்கள். நம் ஃப்ளோருக்கு ஸ்டூல் வந்த அன்று முதலில் என்னைத்தான் உட்கார வைத்தீர்கள். முட்டி வலியோடு நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். அதை நினைத்தால் மேலே எழுதிய சில வரிகளை அழித்துவிடலாமா என்றிருக்கிறது. ஆனால் அழிக்க மாட்டேன்.

மனுவில் உங்கள் பெயர் எங்கேயும் இல்லை. ஷிப்ட் போடுவது யார் என்றும் எழுதவில்லை. விசாரிக்க வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள், திங்கட்கிழமை வரை அது உண்மைதான். அதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால், அந்த அமாவாசையைச் சொல்லுங்கள். எங்கள் வாயால் சொன்னால் கதை என்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் செக்‌ஷனில் வேலை கற்றுக்கொண்டவள்